அக்கா டாக்டரைப் பார்க்கக் கிளம்பியது

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் கண்மை வாங்குவதற்காகவே தானா ராத்தா டவுனுக்கு லோரி ஏறிப் போன ஒரே பெண்பிள்ளை பக்கத்து வீட்டு அக்காதான். மற்றவர்கள் சீனி, மண்ணெண்ணெய், பிள்ளைகளுக்குச் சப்பாத்து என்று ஏதாவது ஒரு காரணத்தோடு போவோம். போன இடத்தில் ஆசைக்கு ஒரு வளையல் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வருவோம். அக்காவிடம் அந்த ஒளிவுமறைவெல்லாம் கிடையாது. "மை தீந்துபோச்சுலா கங்காணி, நாளைக்கு லீவு" என்று நேராகவே கேட்பாள். கங்காணி தலையில் அடித்துக்கொள்வார். மை பூசித் தேயிலைச் செடிக்குக் காட்டப் போகிறாளாக்கும் என்று பெண்கள் சிரிப்பார்கள். 'மேம்' என்று, வெள்ளைக்காரத் துரையின் பெண்டாட்டியைக் கூப்பிடுவது போல, அவளுக்குப் பட்டப்பெயர். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் கோபிக்க மாட்டாள், திரும்பிப் பார்த்து "என்னா?" என்பாள்.

நான் கல்யாணமாகி அந்த லயத்துக்கு வந்தது எழுபதுகளின் நடுவில். அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் இடையில் ஒரு பலகைச் சுவர்தான். அந்தப் பக்கம் பவுடர் டின்னின் மூடி திறக்கும் சத்தம் கேட்டால் எழுந்து அடுப்பு மூட்ட வேண்டிய நேரம் என்று எனக்குத் தெரியும். கேமரன் மலைக் குளிரில் நாங்களெல்லாம் முகத்தில் தண்ணீர் தெளித்தது பாதி தெளிக்காதது பாதி என்று பெரட்டுக்கு ஓடுவோம். காலையில் பேர் கூப்பிடுகிற அந்த வரிசையில் அக்கா மட்டும் கல்யாண வீட்டுக்கு வந்தவள் போல் நிற்பாள். இடுப்பில் சாக்கு, காலில் ரப்பர் பூட்ஸ், முதுகில் கூடை, முகத்தில் பவுடர், நெற்றியில் கோணாத பொட்டு.

"பாவம்னு ஒரு சொல்லு எவன் வாயிலயும் வந்துடக் கூடாது புள்ள. அந்தச் சொல்லு வந்துச்சுன்னா அதோட நம்ம கத முடிஞ்சுது" என்பாள்.

இதைப் பெருமைக்குச் சொல்கிறாள் என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் மலையில் தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தபோது அவளாகவே சொன்னாள். அவள் பிறந்தது மலைக்குக் கீழே ஒரு ரப்பர் தோட்டத்தில். அவள் சிறுமியாக இருந்தபோது அவளுடைய அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்திருக்கிறது. ரப்பர் மரம் சீவிய சட்டையோடு, பால் காய்ந்து கறுத்த கையோடு, அப்படியே எங்கோ ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள்.

"நல்லா உடுத்திட்டு வந்தவங்கள்லாம் உள்ள போனாங்க, வந்தாங்க. எங்கள ஓரமா ஒக்காரச் சொன்னாங்க. நாத்தம் அடிக்குதுன்னு ஒருத்தி மூக்கப் பொத்துனா. கடைசில எங்கள கூப்புட்டாங்க. அப்ப அப்பா பெஞ்சுல இல்ல, கீழ கெடந்தாரு." இதைச் சொல்லும்போதும் அவள் முந்தானையால் வாயோரம் ஒற்றிக்கொண்டாள், பவுடர் கலையாமல்.

தான் மட்டும் அலங்கரித்துக்கொண்டால் அவளுக்குப் போதாது. லயத்தில் யார் மருந்துக்குப் போனாலும் வாசலில் வந்து மறிப்பாள். என் மூத்தவனுக்கு ஒருமுறை காய்ச்சல் அனலாகக் கொதித்தது. வாரிக்கொண்டு ஓடப் பார்த்தவளைப் பிடித்து நிறுத்தி, பிள்ளையின் மூக்கைத் துடைத்து, சட்டை மாற்றி, தலை வாரி, கன்னத்தில் பொட்டும் வைத்த பிறகுதான் விட்டாள். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறவர், மருந்து கொடுக்கிறவர், கட்டுப் போடுகிறவர் எல்லாம் ஒரே ஆள்தான், டிரெஸர் என்போம். அவர் பிள்ளையைத் தொட்டுவிட்டு, "எந்தக் கல்யாணத்துலேர்ந்து தூக்கிட்டு வர்றீங்கம்மா?" என்றார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வந்து அக்காவிடம் சண்டை போட்டேன். "ஒடனே பாத்தாரா இல்லியா?" என்று கேட்டாள். உடனே பார்த்தார் என்பது உண்மைதான்.

அவளுக்கு உடம்புக்கு வந்தது எப்போது என்று என்னால் சொல்ல முடியாது. அவ்வளவு மெதுவாக வந்தது. குளிர்கிறது என்றாள். கேமரன் மலையில் நின்றுகொண்டு குளிர்கிறது என்றால் யார் காதில் வாங்குவார்கள்? ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டாள். வெயில் ஏறிய பிறகும் கழற்ற மாட்டாள். முகம் உப்பியது. மாமா நன்றாகக் கவனிக்கிறார் போலிருக்கிறது என்று பெண்கள் கேலி பேசினார்கள். மாமா என்று நான் கூப்பிடுவது அவள் புருஷனை. ஃபேக்டரியில் இலை காயவைக்கும் வேலை, வாயில்லாத மனுஷர், பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில் அவளைத்தான் குழந்தை போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு குரல் கட்டியது. இந்த மலையிலிருந்து கூப்பிட்டால் அடுத்த மலையில் திரும்பிப் பார்ப்பார்கள், அப்படிப்பட்ட குரல். அது ஆம்பிளைக் குரலாகத் தடித்துப் போனது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. புருவத்தின் வெளிப்பக்கம் பாதி காணாமலே போனது. முடியும் புருவமும் போனது லயத்தில் யாருக்கும் தெரியாது. சவுரி வைத்துக் கொண்டை போட்டாள், இல்லாத புருவத்தை மையால் வரைந்தாள். ஒருநாள் மழையில் செடி நிரை பிடித்துக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது கன்னத்தில் கறுப்பாக ஒழுகியதைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. "மாமாவுக்குத் தெரியுமாக்கா?" என்று கேட்டேன். "அவரு எந்திரிக்கிறதுக்கு முந்தி நான் எந்திரிச்சிடுவேன்லா" என்றாள். சொல்லும்போது சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வேலையில் பின்தங்க ஆரம்பித்தாள். எல்லாரும் நிரையின் அந்த முனைக்குப் போய்விடுவோம், அவள் பாதியில் நிற்பாள். கிட்டே போய்ப் பார்த்தால் செடியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கிக்கொண்டிருப்பாள். "மேமுக்கு வேல செய்ய கஷ்டமா இருக்கு, நாற்காலி கொண்டாந்து போடுங்கடி" என்று கங்காணி மலை முழுக்கக் கேட்கும்படி கத்துவார். சோம்பேறி என்ற பெயர் வந்துவிட்டது. நோயாளி என்ற பெயரைவிட அது அவளுக்குப் பரவாயில்லையாக இருந்தது என்பதுதான் எனக்கு ஆறாத எரிச்சல்.

பிள்ளைகளுக்கு ஊசி போட லயத்துக்கு வந்த டிரெஸர்தான் அவள் பேச்சைக் கேட்டு நின்றார். குரலைப் பற்றி விசாரித்தார், காலை நீட்டச் சொல்லி அழுத்திப் பார்த்தார். என்னையும் அருகில் வைத்துக்கொண்டு சொன்னார்: "கழுத்துக்குள்ள தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கும்மா. அது சோந்து போனா மொத்த ஒடம்பும் சோந்து போகும். அதுவா இருக்கலாம். வெறும் ரத்தக் கொறைவாவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் பெரிய டாக்டர் வர்றாரு. அவருகிட்ட எதையும் மறைக்காம சொல்லுங்க." அக்கா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாள்.

அந்த ஒரு வாரமும் நான் அவளைத் தயார்ப்படுத்தினேன். கொழுந்து எடுத்துக்கொண்டே கேட்பேன்.

"டாக்டரு என்னா செய்யுதுன்னு கேட்டா என்னா சொல்லுவீங்க?"

"ஒண்ணுமில்லம்பேன்."

"அக்கா!"

"பின்ன என்னா புள்ள? தூக்கம் வருதுன்னு சொன்னா கங்காணி சொல்றதுதான் நெசம்னு ஆயிடும்லா. வெளிக்குப் போகலன்னு ஒரு ஆம்பளகிட்ட சொல்லுவாங்களா? மாசாமாசம் படுற பாட்டச் சொல்லுவாங்களா?"

"டாக்டருகிட்ட சொல்லலாம்கா. அவருக்கு அதான வேல."

"நீ போய்ச் சொல்லு."

அவளும் தயாராகிக்கொண்டுதான் இருந்தாள், தன் வழியில். கல்யாணச் சேலையைத் துவைத்துக் காயப்போட்டாள். மழை விடாததால் ஃபேக்டரியின் சூட்டில் காயவைத்து எடுத்து வரும்படி மாமாவிடம் கொடுத்தனுப்பினாள். கரிப்பெட்டி இரவல் வாங்கி இஸ்திரி போட்டாள். டாக்டர் வருகிற காலையில் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் சீப்பு விழுந்தது, எடுத்தாள், டின் விழுந்தது, எடுத்தாள். தூங்கிவிடக் கூடாதென்று கடுங்கோப்பியாகக் குடித்தாள், குரல் தெளியட்டும் என்று மிளகும் கற்கண்டும் வாயில் அடக்கிக்கொண்டாள். கதவைத் திறந்து வந்தபோது கொண்டையில் ரோஜாவும் அழுத்தி வரைந்த புருவமுமாக அவ்வளவு அழகாக இருந்தாள். எங்கள் இரண்டு பேரில் நோயாளி யார் என்று கேட்டால் எவரும் என்னைத்தான் காட்டியிருப்பார்கள்.

டாக்டர் சீனர், இளவயசு, பொறுமையான ஆள். மலாய் மொழியில் கேட்டார், புரியாததை டிரெஸர் தமிழில் சொன்னார். நான் திரைக்கு வெளியே பெஞ்சில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது. குளிர் அதிகமாகத் தெரிகிறதா? "தாடா டாக்டர்." இல்லையாம். அசதி? "தாடா." முடி கொட்டுகிறதா? "தாடா, தாடா." கேட்க வேண்டியதை எல்லாம் அவர் சரியாகத்தான் கேட்டார். மலாயில் அவளுக்கு அந்த ஒரு சொல்தான் மிஞ்சியது போல அதையே சொன்னாள்.

"அம்மா, அன்னிக்கு என்கிட்ட சொன்னீங்களே" என்றார் டிரெஸர்.

"அது அப்பங்கய்யா. இப்ப நல்லா ஆயிடுச்சு."

டாக்டர் பேனாவை எடுக்கும் சத்தம் கேட்டது. சத்து மாத்திரை கொடுங்கள் என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிடப் போகிறார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. எழுந்து திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"பொய் சொல்றாங்கய்யா. எல்லாம் பொய். அந்தப் புருவம் மை. கொண்ட சவுரி. காலையிலேர்ந்து கற்கண்ட வாயில போட்டுக் கொரல ஏமாத்துறாங்க. செடியப் புடிச்சிக்கிட்டு நின்னுக்கிட்டே தூங்குறாங்க. குளுருல ராவெல்லாம் பல்லு கடிக்கிறது என் வீட்டுக்குக் கேக்குது. டாக்டருகிட்ட சொல்லுங்கய்யா."

டிரெஸர் ஆங்கிலத்தில் சொன்னார். டாக்டர் அக்காவின் முகத்தைக் கிட்டே வந்து பார்த்தார். பிறகு பஞ்சை நனைத்து அவள் கையில் கொடுத்து, பரவாயில்லை அம்மா என்பது போல் ஏதோ சொன்னார். அவள் தானாகவே புருவத்தைத் துடைத்தாள். கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, கொண்டையைக் கழற்றி, சவுரியை மேசைமேல் வைத்தாள். திரையை யாரும் மூடவில்லை. பெஞ்சில் இருந்த பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள். அதில் ஒருத்தி, 'பாவம்' என்ற அந்தச் சொல்லை, வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

டாக்டர் கழுத்தைத் தடவினார், தண்ணீரை விழுங்கச் சொன்னார், கணுக்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். "இது சோம்பல் இல்லை, நோய்தான் என்று நினைக்கிறேன். தானா ராத்தாவில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்" என்றார். எத்தனை காலமாக யாராவது சொல்ல மாட்டார்களா என்று நான் காத்திருந்த வார்த்தை. அக்கா அதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை. சவுரியைச் சுருட்டி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, எனக்கு முன்னால் தனியாக மேட்டுப் பாதையில் நடந்து போனாள். ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்றால், நின்று நான் கடந்து போகும்வரை செடிப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் செய்தது தப்பு என்று அன்றைக்கும் நினைக்கவில்லை, இன்றைக்கும் நினைக்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் சத்து மாத்திரையோடு அது முடிந்திருக்கும். ஆனாலும் அவள் என்னோடு பேசாமல் போனது எனக்குப் பெரிய அடிதான். மலையில் என் பக்கத்து நிரையை விட்டுவிட்டுக் கோடிக்குப் போய்விட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் பவுடர் டின் திறக்கும், எனக்கு எழுந்திருக்கவே மனம் வராது.

ரத்தம் எடுக்கச் சொன்ன நாளில் அவள் உடுத்திக்கொண்டு லோரி ஏறிப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பேசாவிட்டால் போகட்டும், போனாளே என்று சாமி கும்பிட்டேன். டிரெஸர் கேட்டபோது ரத்தம் கொடுத்துவிட்டேன் என்று சொன்னாளாம். மலைக்குக் கீழே அனுப்பிப் பார்த்துச் சொல்ல நாளாகும் என்று அவரும் என்னிடம் சொன்னார். மாமாவிடம் அவள் சொல்லியிருந்ததெல்லாம் சத்துக் குறைவு என்பதுதான். அவர் தினமும் கீரையும் முட்டையும் வாங்கி வந்தார்.

அந்த வருஷத்து அடைமழையில் லயத்தில் எல்லாருக்கும் சளி, இருமல். ஒருநாள் காலை பெரட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கதவு தட்டும் சத்தம். திறந்தால் அக்கா. போர்வையைச் சுற்றிக்கொண்டு நிற்கிறாள். முகத்தில் ஒன்றுமில்லை, பவுடர் இல்லை, பொட்டு இல்லை, புருவம் இல்லை. தலையில் அங்கங்கே தோல் தெரிகிறது. பெரட்டுக்குப் போகிற சனமெல்லாம் நின்று பார்க்கிறது. அவளை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

"வா புள்ள, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றாள். வார்த்தை ஒவ்வொன்றும் எங்கிருந்தோ இழுபட்டு வந்தது.

அத்தனை பேர் பார்க்கிறார்களே என்று நான் சீப்பை எடுத்தேன், அவளுக்காக நான் பதறினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை ஐஸாகச் சில்லிட்டிருந்தது. "வேணாம். இப்புடியே பாக்கட்டும்."

மாமா ஃபேக்டரியில் ராத்திரி வேலை முடிந்து வரும்வரை காத்திருக்கப் பயமாக இருந்தது, ஆள் அனுப்பிச் சொல்லச் சொன்னேன். கியா பார்ம் காய்கறித் தோட்டத்திலிருந்து கோசு ஏற்றி வந்த லோரியை மறித்து ஏறினோம். டிரைவருக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்து என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"அன்னிக்கு நான் ரத்தம் குடுக்கல புள்ள."

"லோரி ஏறிப் போனீங்களேக்கா!"

"போனேன். வாசல் வரைக்கும் போனேன். நல்ல மழ. கண்ணாடிக் கதவுல என் மூஞ்சி தெரிஞ்சுது. பவுடரெல்லாம் வழிஞ்சி, மை எறங்கி... இந்தக் கோலத்துல எப்புடி உள்ள போறது? பஸ் ஸ்டேசன்ல ஒக்காந்திருந்துட்டுத் திரும்பிட்டேன்."

திட்ட வேண்டும் போலிருந்தது. அடிக்க வேண்டும் போலிருந்தது. கண்ணை மூடிவிடப் போகிறாளே என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தேன்.

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் ஒரு நிமிஷம்கூட உட்காரச் சொல்லவில்லை. அந்தக் கோலத்தில்தான் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி தமிழச்சி, போர்வை மேல் போர்வையாகப் போர்த்திக் கையைத் தேய்த்துவிட்டாள், உடனே ரத்தம் எடுத்தாள். என்ன செய்கிறது என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்காவே சொன்னாள். குளிருது. தூக்கம் வருது. வெளிக்குப் போறதில்ல. எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியாக, "முடியல டாக்டர்" என்றாள். அந்தச் சொல்லை அவள் வாயில் நான் கேட்டது அது ஒருமுறைதான்.

நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சலும் சேர்ந்திருந்தது. அவர்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். தூங்கினாள், எழுப்பினார்கள், தூங்கினாள். மறுநாள் எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை.

ரத்தம் பார்த்த முடிவு காரியமெல்லாம் முடிந்து வெகுநாள் கழித்து வந்தது. டிரெஸர் தானே லயத்துக்கு வந்து மாமா வீட்டில் உட்கார்ந்தார். நானும் போயிருந்தேன். தைராய்டுதான் என்றார். அவளுக்கு எத்தனையோ வருஷமாக அது இருந்திருக்க வேண்டும் என்றார். மாமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, மருந்து ஒன்றும் கிடையாதாய்யா என்று கேட்டார். இருக்கிறது, காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, உயிரோடு இருக்கும்வரை தினமும் அதைப் போட வேண்டும், அவ்வளவுதான், என்று டிரெஸர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவர் எழுந்து போன பிறகு மாமா என் பக்கம் திரும்பினார்.

"ஒரே ஒரு மாத்திரையாம்மா?"

"ஆமா மாமா."

"நான் தெனம் குடுத்திருப்பேனே. என்கிட்ட சொல்லவே இல்லியே அவ."